ஃப்ளாஷ் என்ற சொல்லும் என் தம்பியும்

என் தம்பிக்கு நல்ல குரல். அதை நான் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை. வானொலியில் அவன் "வணக்கம்" என்று சொன்னால், நம் வீட்டு வாசலில் யாரோ மரியாதையாக வந்து நிற்பது மாதிரி இருக்கும். அப்படியொரு குரலைக் கொடுத்த கடவுள், அதற்குள் போட்டுக்கொள்ள ஏதாவது சரக்கு கொடுத்தாரா என்றால், அதற்காகத்தான் அவனுக்கு முன்னால் என்னைப் பிறக்க வைத்தார் போலிருக்கிறது.

என் குரல் வேறு ரகம். தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, தரையில் தகரத்தை இழுத்துக்கொண்டு போவது மாதிரி ஆகிவிட்டது. என் வேலைக்கு அதுவே அதிகம். கல்லூரி நூலகத்தில், வெளியே எடுத்துப்போகக் கூடாத தடித்தடிப் புத்தகங்கள் இருக்கும் பிரிவு என் பொறுப்பு. பெரும்பாலும் அகராதிகள். நாள் முழுக்க என்னோடு பேசுபவை அவைதான். மனிதர்களுக்கு நான் செலவழிப்பது 'உஷ்' என்ற ஒரு சத்தம் மட்டும்.

தம்பி புதன்கிழமை காலைகளில் 'சொல் வந்த வழி' என்றொரு நிகழ்ச்சி நடத்துகிறான். ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, எந்தெந்த வீட்டில் வளர்ந்தது, யார் யாரோடு ஓடிப்போனது என்றெல்லாம் சொல்வான். நகரத்தில் பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார்கள். அந்த நிகழ்ச்சியின் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. வரி மட்டுமல்ல. எங்கே மூச்சு விட வேண்டும் என்று ஒற்றைக் கோடு, எங்கே நிறுத்த வேண்டும் என்று இரட்டைக் கோடு, எங்கே சிரிக்க வேண்டும் என்று ஓரத்தில் ஒரு வட்டம். சனிக்கிழமை நேயர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்பார்கள். அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளையும் அதற்கான பதில்களையும்கூட முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிடுவேன். அவன் சொந்தமாகச் சொல்வது அந்த "வணக்கம்" ஒன்றுதான்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. நான் கொடுக்கும் தாளை அவன் முன்கூட்டிப் படிக்க மாட்டான். மடித்தது மடித்தபடி சட்டைப் பையில் இருக்கும். ஒலிபரப்பு அறையில், நேரலை தொடங்கிச் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் பிரிப்பான். முதல் தடவை படிக்கும்போதுதான் குரலில் ஓர் ஆச்சரியம் இருக்குமாம், இரண்டாம் தடவை அது செத்துவிடுமாம். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு அழகான விளக்கம் கொடுக்க அவனால்தான் முடியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பிசிறில்லாமல் படிப்பான். எப்போதாவது தடுமாறினால், "சிறிய தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்கவும்" என்று சொல்லிவிடுவான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொழில்நுட்பக்காரர் தலையில் விழும் அது. நாளெல்லாம் பொத்தான் அழுத்தும் அவரை நிலையத்தில் எல்லோரும் பொத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர், யார் தடுக்கி விழுந்தாலும் இவருக்குத்தான் அடிபடும்.

நான் எழுதுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பொத்தானுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. தம்பிதானே, போகட்டும் என்று விட்டேன். அப்படி விட்டது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று நிலையத்தின் ஆண்டு விழாவில்தான் புரிந்தது.

அந்த விழாவில் அவனுக்குச் சிறந்த நிகழ்ச்சிக்கான கேடயம் கொடுத்தார்கள். அம்மாவும் நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். தம்பி மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தான். "ஒவ்வொரு சொல்லுக்கும் விடிய விடிய அகராதிகளோட மல்லுக்கட்டுறேன்" என்றான். அவன் வீட்டில் இருப்பது ஒரே ஓர் அகராதி, அதுவும் ஆடுகிற சாப்பாட்டு மேசையின் கால் ஒன்றுக்கு அடியில். பிறகு நன்றி சொல்ல ஆரம்பித்தான். இயக்குநருக்கு, மனைவிக்கு, நேயர்களுக்கு, காரோட்டிக்கு, டீ கொண்டுவருபவருக்கு. டீக்காரருக்கு நன்றி சொன்னபோது அரங்கமே நெகிழ்ந்து கைதட்டியது. நான் என் முறை வரும் வரும் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அவன் கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புள்ள தூக்கமில்லாம உழைக்கிறான்டி. கண்ணே உள்ள போயிடுச்சு பாரு."

"அம்மா, எழுதுறது யாரு?"

"நீதான். யாரு இல்லேன்னு சொன்னா?" என்றாள் அம்மா, நேரம் கேட்டதற்குப் பதில் சொல்வது போல. "எழுதுறது என்னடி பெரிசு, யாரு வேணாலும் எழுதலாம். அவன் மாதிரி பேச முடியுமா?"

வெளியே கார் நிறுத்துமிடத்தில் தம்பியைத் தனியாகப் பிடித்தேன். கேடயத்தைப் பின்சீட்டில் வைத்து, கீறல் படாமல் அதற்கு ஒரு துண்டு போர்த்திக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும்டா," என்றேன். "இதையெல்லாம் எழுதுனது எங்க அக்கான்னு. அவ்வளவுதான். பேருகூட வேண்டாம்."

"கேக்குறவங்க குழம்பிடுவாங்கக்கா. ஒரு நிகழ்ச்சின்னா ஒரு முகம்தான் இருக்கணும்."

"ரேடியோவுக்கு ஏதுடா முகம்?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். உண்மையிலேயே ரசித்துச் சிரித்தான். "இது நல்லாருக்கு. எழுதி வெச்சுக்கோக்கா, ஒரு நாள் யூஸ் பண்ணிக்கலாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான். அவன் மறுத்ததுகூடப் பெரிதில்லை. நான் அவனைத் திட்டினால் அந்தத் திட்டும் அவனுக்கு நிகழ்ச்சிக்கு ஆகிவிடுகிறது. கிணற்றிலிருந்து இறைக்கிறவனுக்குக் கிணறு கோபப்பட்டால் என்ன, சிரித்தால் என்ன. இவனை, இந்த நகரத்துக்கு முன்னால், அதே ஒலிவாங்கிக்கு முன்னால், மூக்கறுபட வைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடுத்த புதன்கிழமைக்கு நான் எடுத்து வைத்திருந்த சொல் ஃப்ளாஷ். கேமராவில் பளிச்சென்று அடிக்குமே, அந்த ஃப்ளாஷ். அதை எழுதி முடித்து, கோடெல்லாம் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். எனக்கே தெரியும், நான் எழுதியவற்றில் அதுதான் உசத்தி.

ஏனென்றால் அந்தச் சொல் பிறக்கும்போது அதில் வெளிச்சமே கிடையாது. பழைய ஆங்கில நூல்களில் அது தண்ணீரைப் பற்றிய சொல். அலை வந்து கரையில் அறைவது, நீர் வாரி இறைபடுவது, சளப்பென்று தெறிப்பது, இதுதான் ஃப்ளாஷ். ஆழமில்லாத ஆறுகளில் படகு தட்டி நின்றால், மேலே தேக்கி வைத்த தண்ணீரை மொத்தமாகத் திறந்துவிடுவார்களாம். அந்த வெள்ளத்தில் படகு மிதந்து போகும். அப்படித் திறந்துவிட்ட தண்ணீருக்கும் அதே பெயர். அந்தச் சத்தத்தைக் கேட்டு வாய் தானாகப் போட்ட சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறார்கள், அடித்துச் சொல்லவில்லை. அதனால்தான் அவர்களை எனக்குப் பிடிக்கும். தெறிக்கிற ஸ்ப்ளாஷ், மோதுகிற க்ராஷ், வெட்டுகிற ஸ்லாஷ் எல்லாவற்றுக்கும் அதே வால்தானே. நாம் மட்டும் என்ன, வெளிச்சத்துக்குப் 'பளிச்' என்கிறோம், கன்னத்தில் விழுவதற்குப் 'பளார்' என்கிறோம். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தண்ணீர் தெறித்த வேகம்தான் பின்னால் மின்னலுக்கும் வாளுக்கும் தீக்கும் போய் ஒட்டிக்கொண்டது. பழைய துப்பாக்கிகளில் சிறு கிண்ணத்தில் மருந்து வைப்பார்கள். சில சமயம் அது மட்டும் பக்கென்று எரிந்து அணையும், குண்டு வெளியே வராது. வெறும் ஆர்ப்பாட்டத்துக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் 'ஃப்ளாஷ் இன் த பேன்' என்று அதைத்தான் உவமை சொல்கிறார்கள். ஒரு காலத்தில் திருடர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பாஷைக்கும் ஃப்ளாஷ் என்றே பெயர் இருந்தது. பகட்டாக உடுத்தி அடுத்தவன் சொத்தில் மினுக்குகிறவனையும் அப்படிச் சொன்னார்கள். அந்த வரிகளை எழுதும்போது நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. விழாவிலிருந்து வந்து படித்துப் பார்த்தபோதுதான் ஒரு முகம் வந்து நின்றது.

இதை அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். தாளை மேசை இழுப்பறைக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். வேறு ஒரு தாளை எடுத்து, வேறு ஒரு ஃப்ளாஷை எழுதினேன்.

ஆயிரத்து ஐந்நூறாம் ஆண்டில், ஒரு கடற்கரையில், திருவாளர் ஃப்ளாஷ் என்றொரு கலங்கரை விளக்கக் காவலர் இருந்தார் என்று ஆரம்பித்தேன். அவருக்கும் மனைவிக்கும் ஓயாத சண்டை. அந்த அம்மாள் கோபத்தில் ஸ்விட்சை அணைப்பார். இவர் ஓடிப்போய் ஸ்விட்சைப் போடுவார். கடலில் போன கப்பல்காரர்கள் விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்து, "ஃப்ளாஷ் வீட்டில் இன்றைக்கும் சண்டை" என்று பேசிக்கொண்டார்கள். அப்படித்தான் சட்டென்று மின்னும் வெளிச்சத்துக்கு அந்தப் பெயர் வந்தது. கடைசியில் இருவரும் சமாதானமாகிச் சேர்ந்து நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். முற்றும்.

ஆயிரத்து ஐந்நூறில் மின்சார ஸ்விட்ச். ஆயிரத்து ஐந்நூறில் புகைப்படம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஆண்டை இரண்டு இடத்தில் எழுதி, இரண்டு இடத்திலும் அழுத்திச் சொல்லும்படி அடிக்கோடு போட்டேன். அவன் சிவப்பு விளக்கில் தாளைப் பிரிப்பான், அந்தத் தேன் குரலில் அழுத்தம் திருத்தமாக உளறுவான். தொலைபேசிகள் கொதிக்கும், பத்திரிகைகள் கிழிக்கும், விடிய விடிய மல்லுக்கட்டிய அகராதி எங்கே என்று ஊரே கேட்கும். என் பெயர் எங்கேயும் வராது. அவன்தான் என் பெயர் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டானே. இத்தனை வருடங்களில் முதல் தடவையாக அது எனக்கு வசதியாக இருந்தது. வழக்கம்போலத் தாளை மடித்து நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை, நூலகத்தின் பின்னறையில், பழைய இதழ்களைக் கட்டி வைக்கும் இடத்தில், சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் பிரித்தான், படித்தான். ஆயிரத்து ஐந்நூறை அழுத்தினான். ஸ்விட்ச் வந்தது, தடுமாறவில்லை. புகைப்படம் வந்தது, குரலில் ஒரு குழைவு சேர்த்தான். வட்டம் போட்ட இடத்தில் சிரித்தான். நான் உள்ளங்கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. அந்தக் கதை எல்லோருக்கும் பிடித்துப்போனது. நிலையத்துக்கு வந்த அழைப்புகள் எல்லாம் பாராட்டு. பேருந்தில் எனக்கு முன்சீட்டில் ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர் என் மேசையில் சாய்ந்து, "மேடம், ஃப்ளாஷ்ங்கிற வார்த்தை எப்படி வந்துச்சு தெரியுமா, ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டையில" என்று ஆரம்பித்தார். பத்தடி தூரத்தில் அகராதிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைக்கூட அவர் திறக்கவில்லை. அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, "அந்த லைட்டு அணைக்கிற கதை, சிரிச்சு சிரிச்சு எனக்கு இருமலே வந்துடுச்சு. அவனுக்கு எப்படித்தான் தோணுதோ" என்றாள்.

குற்ற உணர்ச்சி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அகராதிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சோறு தின்கிற நான் ஊருக்கே பொய்யை ஊட்டிவிட்டேனே என்று உறுத்தியது. ஆனால் கோபம் அதை ஏறி மிதித்தது. நல்லதை எழுதினாலும் அவனுக்குப் பேர், குப்பையை எழுதினாலும் அவனுக்குப் பேர். நான் விரித்த வலையில் அவன் படுத்துத் தூங்குகிறான்.

சரி, யாரும் கேட்காவிட்டால் நானே கேட்கிறேன் என்று சனிக்கிழமை தொலைபேசியை எடுத்தேன். அந்த வாரமும் கேள்வி பதில் தாளைக் கொடுத்திருந்தேன். ஸ்விட்ச் பற்றியும் புகைப்படம் பற்றியும் அதில் ஒரு வரி கிடையாது.

எடுத்தது பொத்தான். நேயர்களைத் தம்பியோடு இணைப்பது அவர் வேலை. தம்பி கையால் சைகை காட்டினால்தான் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி.

"யாரு பேசுறீங்க?" என்றார்.

"நேயர்," என்றேன்.

என் குரலை ஒரு தடவை கேட்டவர்கள் மறப்பதில்லை. "அக்கா, நீங்களா?" என்றார்.

"நேயர்னு போடுங்க."

"போடுறேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கட் ஆகாதுக்கா, நிதானமாப் பேசுங்க," என்றார். எத்தனை தொழில்நுட்பக் கோளாறுகளை வாங்கிக்கட்டிக்கொண்ட மனிதர்.

ஓர் இசைத்துண்டு முடிந்தது. "வணக்கம், சொல் வந்த வழி, சொல்லுங்க நேயரே," என்றது தம்பியின் குரல்.

"வணக்கம். புதன்கிழமை ஃப்ளாஷ் பத்திச் சொன்னீங்க."

என் முதல் சொல்லிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு ஒரு தடவை தவறியது. அந்த மூச்சுக்குக் கோடு போட்டுப் போட்டுப் பழகியவள் நான், எனக்குத் தெரியாதா. ஆனால் சமாளித்துக்கொண்டான். "ஆமா நேயரே. நிறைய பேர் ரசிச்சாங்க."

"ஆயிரத்து ஐந்நூறுல கரண்ட்டு ஏதுங்க? ஸ்விட்ச் ஏது? போட்டோ ஏது?"

தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. கேள்வி பதில் தாளில் தேடுகிறான். தேடட்டும் என்று விட்டுவிட்டு நான் தொடர்ந்தேன். "அப்படி ஒரு ஆளே கிடையாது. அது மொதல்ல தண்ணியைச் சொன்ன சொல்லுங்க. அலை அடிக்கிறது, தண்ணி தெறிக்கிறது, தேக்கி வெச்சதைத் திறந்துவிடுறது. அந்தத் தெறிப்புதான் பின்னாடி மின்னலுக்குப் போச்சு. தீக்குப் போச்சு. திருட்டுப் பயலுங்க பேசுற பாஷைக்குக்கூட அந்தப் பேரு வந்துச்சு. எந்த நல்ல அகராதியையும் திறந்து பாருங்க, இருக்கும். விடிய விடிய புரட்டுறீங்களே, கண்ணுல படலையா?"

என் தகரக் குரல் நகரம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சுகமாக இருந்தது. அவனை மூலைக்குத் தள்ளிவிட்டேன். இனி அவன் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது உளற வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதம்.

அவன் இரண்டையும் செய்யவில்லை. தாள் புரளும் சத்தம் நின்றது. குரல் கனிந்தது. பழி போடுவதற்கு மட்டும் அவனுக்கு யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.

"நன்றி நேயரே. ரொம்பச் சரியாச் சொன்னீங்க. ஒரு உண்மையை நான் ஒளிக்க விரும்பலை. அந்தப் பகுதியை எழுதிக் கொடுத்தது எங்க அக்கா."

அவன் அதைச் சொல்லிவிட்டான். எந்த மூன்று சொல்லுக்காக நான் அவன் காரோரம் நின்று கெஞ்சினேனோ, அந்த 'எழுதியது எங்க அக்கா'. அவன் மேலே பேசினான்.

"அவங்களுக்கு உடம்பு சரியில்லை. வயசும் ஆகுது, ஞாபகம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கு. வீட்டுல சும்மாதானே இருக்காங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு அந்த ஒரு தடவை மட்டும் எழுதச் சொன்னேன். பாசத்துல பண்ணிட்டேன். நேயர்கள் மன்னிக்கணும். அவங்களைத் தப்பா நினைக்காதீங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் கொடுத்தான். நான் சொல்லிக்கொடுத்த நிறுத்தம் அது.

ஒரு கணம் யோசித்தேன். தொலைபேசியை வைத்துவிட்டால் நான் யாரோ ஒரு நேயர். உண்மை சொன்ன நேயர். பொய்யை எழுதியவள் புத்தி பிசகிய அக்கா, நூலகத்தில் வேலை பார்க்கும் நான்தான் அது என்று யாருக்கும் தெரியாது, வேலைக்கும் பங்கமில்லை. அந்த அக்கா நான்தான் என்று சொன்னால், பொய்யும் என்னுடையது ஆகிவிடும். வேண்டுமென்றே எழுதினேன் என்பதும் வெளியே வரும். நாளைக்கு அந்தப் பேராசிரியர் என் மேசையில் வந்து சாய மாட்டார், முதல்வர் அறைக்குத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பொய்யை விட்டுக்கொடுத்தால் இதுவரை எழுதிய மற்ற எல்லாவற்றையும் சேர்த்து விட்டுக்கொடுக்க வேண்டும். அது என்னால் முடியவில்லை.

"நேயரே, லைன்ல இருக்கீங்களா? நன்றி, அடுத்த நேயருக்குப் போகலாம்," என்றான் தம்பி.

"இருக்கேன்," என்றேன். "அந்த அக்கா நான்தான்டா."

அவன் அடுத்த நேயரைக் கூப்பிடுவதற்குள் நானே மேலே பேசினேன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஞாபகமும் நல்லா இருக்கு. அந்தக் கதையை நான்தான் எழுதுனேன், பொய்யின்னு தெரிஞ்சே எழுதுனேன். நீ படிச்சுப் பார்க்காம வாசிப்பேன்னு தெரியும். அது மட்டும் இல்ல. இந்த நிகழ்ச்சி ஆரம்பிச்சதுல இருந்து நீ வாசிச்ச ஒவ்வொரு சொல்லையும் நான்தான் எழுதுனேன். அதெல்லாம் நிஜம். கேக்குறவங்க அகராதியத் திறந்து சரி பார்த்துக்கலாம். இப்ப நீ சொல்லு."

அவன் சொல்லவில்லை. வானொலியில் மௌனத்தை விடப் பெரிய குற்றம் கிடையாது. இரண்டு மூச்சுக்கு மேல் சத்தமில்லாமல் போனால் இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார் என்று தம்பியே சொல்லியிருக்கிறான். இது அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிறகொரு நாள் பொத்தான் சொன்னார், தம்பி கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தானாம். இவர் மேசைக்கடியில் விழுந்த பேனாவை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாராம்.

தாள் புரளும் சத்தம் மறுபடி கேட்டது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அதில் இதற்கான பதில் இல்லை. எதற்குமே பதில் இல்லை. நகரம் முழுக்கச் சமையலறைகளிலும் கடைகளிலும் வண்டிகளிலும் அந்தத் தாள் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவன் பேசினான். அது அவன் மேடைக் குரல் இல்லை. சாதாரணமான, பயந்த குரல். ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

"நான் இப்ப என்னக்கா சொல்லட்டும்?"

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பழக்கம் அப்படி. 'தவறு என்னுடையது, என் அக்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்' என்று இரண்டு வரி, நடுவில் ஓர் இரட்டைக் கோடு. அவன் அதை அப்படியே வாங்கி அந்தக் குரலில் சொல்லியிருந்தால், எல்லோரும் உருகிப்போய் அவனுக்கு இன்னொரு கேடயம் கொடுத்திருப்பார்கள்.

"நீயே சொல்லு," என்றேன்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. தொலைபேசியையும் வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நன்றாக, ஆசை தீரக் கேட்டேன். கடைசியில் இயக்குநரே ஓடிவந்தாரோ என்னவோ, ஒரு பழைய பாட்டை நடுவிலிருந்து போட்டுவிட்டார்கள். இணைப்பு போனது.

நூலகத்துப் பின்னறையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். தொண்டை வலித்தது. அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் நான் பேசி ரொம்ப நாளாகிவிட்டது. தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் அழைப்பு வந்தது. சனிக்கிழமை நிகழ்ச்சியை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

"உனக்கு மனசாட்சி இருக்காடி?" என்றாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. "ஊரு கேக்க அந்தப் புள்ளைய இப்படி நிக்க வெச்சிட்டியே. ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தா உன் வாய் தேஞ்சா போயிடும்?"

"அவனுக்குத்தான் நல்லாப் பேச வருமேம்மா."

"என்னத்தப் பேசுவான்?" என்று கத்தினாள் அம்மா. "நீ எழுதிக் குடுக்கலேன்னா அவன் என்னத்தடி பேசுவான்?"

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"என்னம்மா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு," என்றேன்.

எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்.